விட்ட கம்பை மீண்டும் எடுக்கும்போது

காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத் வட்டத்தில் உள்ளது தென்னேரி. மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று இவ்வூரில் இருக்கிறது. திரையன் ஏரி என்பதே தென்னேரி என்று மருவிற்று என்பர். இந்தப் பக்கத்து ஊர்களில் ஏர் உண்டு, தறியும் உண்டு. காஞ்சிபுரப் பட்டு காஞ்சிபுரம் நகருக்குள் மட்டும் நெய்யப்படுவதில்லை.

இங்கே ஒரு நெசவாளரை நாம் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வயது 42. பத்து வயதில் ஆசானிடம் சிலம்பம் கற்கத் தொடங்கினார். இருபத்திரண்டு வயது வரை கோயில் திருவிழாவிலும் பொங்கலிலும் அவர் கம்பு சுழலாத ஆண்டில்லை. பிறகு திருமணம், தறி, கடன், குழந்தைகள். கம்பு பரணில் ஏறியது. இப்போது மகன் சிலம்பம் பழகுகிறான். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செய்முறை விளையாட்டாக இடம்பெற்றது. அது முதல் பிள்ளைகளுக்குள்ள ஆர்வத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை, மகனை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்ற தந்தையைப் பார்த்து முதிய ஆசான் கேட்கிறார்: “என்ன தம்பி, கை மறந்துபோச்சா?”

தந்தை கம்பை வாங்குகிறார். இரண்டு சுற்று சுற்றுகிறார். வியப்பு! கை மறக்கவில்லை. கம்பு பழையபடி ஓசையிட்டுச் சுழல்கிறது. உற்சாகத்தில் வேகம் கூடுகிறது. தாவித் திரும்புகிறார். ஐந்தே நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. மறுநாள் படி இறங்க முடியவில்லை. அதற்கு மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை. தறியில் மூன்று நாள் வேலை கெட்டது.

கை நினைவில் வைத்திருந்ததை மூச்சு ஏன் மறந்தது? தொடை ஏன் மறந்தது? ஒரே உடலுக்குள் இப்படி வெவ்வேறு மறதி ஏன்? இதற்கு விடை தெரிந்தால், விட்ட கலையை மீண்டும் தொடுவது எப்படி என்பதும் தெரிந்துவிடும்.

சிக்கனம் தெரிந்த உடல்

நம் உடல் மிகுந்த சிக்கனக்காரன். பயன்படாத எதையும் அது செலவு செய்து பேணுவதில்லை. தசையைப் பேணுவதற்குப் புரதம் வேண்டும், ஆற்றல் வேண்டும். நாள்தோறும் வேலை கொடுத்தால் அந்தச் செலவை உடல் ஏற்கும்; வேலை நின்றால் செலவைக் குறைக்கும். பயிற்சியால் வந்த பயன் பயிற்சி நின்றால் போகும் என்பது உடலியலில் ஓர் அடிப்படை விதி.

ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் போவதில்லை. ஏரியில் நீர் வற்றுவதை எண்ணிப் பாருங்கள். ஓரத்து நீர் முதலில் போகும். நடுப்பள்ளத்து நீர் கோடை முடியும் வரை கிடக்கும். உடலிலும் அப்படித்தான். சில திறன்கள் நாட்களில் குறைகின்றன, சில வாரங்களில், சில மாதங்களில். சில, பல ஆண்டுகளானாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. திரும்பி வரும்போதும் ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் வருகின்றன. காயமும் வலியும் பெரும்பாலும் இந்த வேக வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் குறைவது மூச்சு

“மூச்சு நிற்கவில்லை” என்று நாம் சொல்வது உண்மையில் நுரையீரலின் குறையன்று. உழைக்கும் தசைக்கு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்க முடிகிறது, அதைத் தசை எவ்வளவு பயன்படுத்திக்கொள்கிறது என்பதே கேள்வி. இது இதயம், இரத்தம், தந்துகிக் குழல்கள், தசைச் செல்லுக்குள் இருக்கும் இழைமணிகள் என்ற மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆகிய எல்லாவற்றையும் பொறுத்தது. அந்த உச்ச அளவை ‘உச்ச ஆக்சிஜன் ஏற்பு’ என்பர்.

பயிற்சி நின்ற சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறையத் தொடங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைவதால், ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் அளவும் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் விரைந்து துடிக்க வேண்டியதாகிறது. நீண்ட காலம் பயின்ற ஓட்டக்காரர், மிதிவண்டிக்காரர் ஆகிய 7 பேரை 84 நாட்கள் பயிற்சியின்றி இருக்கச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு 1984இல் வெளிவந்தது. அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் ஏற்பு முதல் 21 நாட்களில் 7 விழுக்காடு குறைந்தது. 56 நாட்களுக்குப் பின் 16 விழுக்காட்டுக் குறைவில் வந்து நின்றது. அவர்களின் தசைகளிலிருந்த தந்துகிக் குழல்களின் அடர்த்தியோ அந்தக் காலம் முழுவதும் குறையவில்லை. கட்டிய வாய்க்கால் இருக்கிறது. ஓடும் நீர்தான் குறைந்தது எனலாம்.

இதைவிடப் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் உடல்நலமுள்ள 20 வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். எழுந்தபோது அவர்களின் உச்ச ஆக்சிஜன் ஏற்பு கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பின்னர் எட்டு வாரம் பயிற்சி தந்து மீட்டனர். கதை அத்துடன் முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1996இல், அதே ஐவரையும் மீண்டும் அழைத்தனர். இப்போது அவர்களுக்கு வயது 50. சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது. உடற்கொழுப்பு இரு மடங்கு. ஆனால் ஆக்சிஜன் ஏற்போ ஏறத்தாழ 11 விழுக்காடுதான் குறைந்திருந்தது. முப்பது ஆண்டு முதுமை செய்த கேட்டைவிட, இளமையில் மூன்று வாரப் படுக்கை செய்த கேடு பெரிதாக இருந்தது!

அந்த ஐவருக்கும் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி தந்தனர். ஆறாம் மாத முடிவில் அவர்கள் 1966இல் ஆய்வு தொடங்கிய நாளில் இருந்த அளவை மீண்டும் எட்டினர். அன்று எட்டு வாரப் பயிற்சியால் எட்டிய உச்சத்தை மட்டும் எட்டவில்லை. ஐந்தே பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும், ஐம்பது வயதிலும் மூச்சு திரும்பி வரும். அதற்கு ஆறு வாரமன்று, ஆறு மாதம் வேண்டும் என்ற செய்தியை நம் நெசவாளர் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

தசையில் உள்ள இருப்பு

அடுத்தது தசை வலிமை. இது மூச்சைப் போல் விரைந்து போவதில்லை. பயிற்சியை நிறுத்திச் சில வாரங்கள் வரை வலிமையில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. மாதங்கள் செல்லச் செல்லத் தசையிழைகள் மெலிகின்றன. நாற்பதைக் கடந்தால் வயதும் சேர்ந்துகொள்கிறது. விரைந்து சுருங்கும் இழைகளே முதுமையில் அதிகம் மெலிகின்றன. கம்பைச் சட்டென்று வீசவும், சட்டென்று நிறுத்தவும் வேண்டியவை அவைதாம்.

ஆனால் ஒரு முறை வலுப்பெற்ற தசை, புதிதாகப் பழகும் தசையைவிட விரைவில் தேறுகிறது. 1991இல் வெளியான ஓர் ஆய்வில் பெண்கள் சிலர் 20 வாரம் எடைப்பயிற்சி செய்தனர். பின் 30 வாரத்துக்கு மேல் நிறுத்தினர். மீண்டும் தொடங்கியபோது ஆறே வாரத்தில் இழந்ததைப் பெரும்பாலும் மீட்டுக்கொண்டனர்.

இது எப்படி? நம் உடலின் பெரும்பாலான செல்களுக்கு உட்கரு ஒன்றுதான். தசையிழையோ நீண்ட ஒரு செல். அதற்குப் பல உட்கருக்கள் உண்டு. தசை பருக்கும்போது அருகிலுள்ள துணைச்செல்கள் அதனுடன் இணைந்து புதிய உட்கருக்களைத் தருகின்றன. நார்வே நாட்டு ஆஸ்லோ பல்கலைக்கழக அறிவியலார் 2010இல் எலிகளில் இதை ஆராய்ந்தனர். தசை மெலிந்து மூன்று மாதமான பின்பும் புதிதாக வந்த உட்கருக்கள் மறையவில்லை எனக் கண்டனர். சுண்டெலியின் வாழ்நாள் சுமார் இரண்டு ஆண்டுதான் என்பதை நோக்க, மூன்று மாதம் நீண்ட காலமே. நெசவு நின்ற வீட்டில் பாவும் ஊடையும் இல்லாவிட்டாலும் தறி அப்படியே நிற்பதைப் போன்றது இது. நூல் வந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்; தறியைப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. மனிதத் தசையிலும் இது எலியில் கண்டபடியே, பல ஆண்டுகளுக்கு நீடிக்கிறதா என்பது பற்றி அறிவியலாரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மீட்சி விரைவாக வருகிறது என்பதைப் பயிற்சியாளர் பலரும் கண்டிருக்கின்றனர்.

கை ஏன் மறப்பதில்லை?

இனி, வியப்பான பகுதிக்கு வருவோம். இருபது ஆண்டு தொடாத கம்பு எப்படிச் சுழன்றது?

நினைவு என்பது ஒரே சரக்கன்று. நேற்று யார் வந்தார், பாண்டியர் தலைநகர் எது என்பன போன்ற நினைவு ஒரு வகை. மிதிவண்டி ஓட்டுவது, நீந்துவது, கம்பு சுற்றுவது போன்ற செயல் நினைவு வேறு வகை. இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்கர் ஒருவர். அவர் பெயர் ஹென்றி மொலைசன். வலிப்பு நோய்க்காக 1953இல் அவருக்கு மூளையில் அறுவை செய்தனர். அதன் பின் அவரால் புதிய செய்தி எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. சற்றுமுன் பார்த்தவரையும் மறந்துவிடுவார். உளவியலார் பிரெண்டா மில்னர் அவரிடம் கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரையச் சொன்னார். மூன்று நாளும் ஒவ்வொரு முறையும், “இதை நான் இதற்கு முன் செய்ததில்லையே” என்ற நிலையில்தான் அவர் இருந்தார். ஆனால் கையோ நாளுக்கு நாள் பிழை குறைத்து வரைந்தது. மனம் அறியாமலேயே கை கற்றுக்கொண்டது!

செயல் நினைவு சிறுமூளை, மூளையடி முடிச்சுகள், இயக்கப் புறணி ஆகிய இடங்களில் பதிகிறது. பல்லாயிரம் முறை திரும்பத் திரும்பச் செய்து பதித்தது எளிதில் அழிவதில்லை. 1962இல் வெளியான ஓர் ஆய்வில், இயந்திரக் கைப்பிடியால் ஒரு குறியைத் தொடர்ந்து பின்பற்றும் திறனை நன்கு பழகியவர்கள், 24 மாதங்களுக்குப் பின்னும் அதைப் பெரிதும் இழக்கவில்லை. சிறு குறையும் சில நிமிடப் பழக்கத்திலேயே சரியாயிற்று.

ஆனால் இங்கும் ஒரு நுட்பம் உண்டு. தொடர்ந்து ஓடும் அசைவுகளே நன்றாக நிலைக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய்ச் செய்ய வேண்டிய படிகள் எளிதில் மறந்துவிடும். சிலம்பத்தில் கம்பைச் சுழற்றுவது முதல் வகை. காலடி வரிசை, எந்த வீச்சுக்குப் பின் எந்த வெட்டு, எத்தனையாவது அடியில் திரும்புவது என்பன இரண்டாம் வகை. அதனால்தான் பழைய மாணவர் கம்பை அழகாகச் சுழற்றுகிறார். வரிசை பாதியில் நின்றுவிடுகிறது. இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. முதல் இரண்டு மாதங்களில் மூச்சும் தசையும் தேறும் வரை வரிசைகளை மெதுவாக நடந்து நினைவூட்டிக்கொள்வதே நல்ல வேலை. மகன் பழகும்போது அருகில் நின்று பார்ப்பதும் அதற்கு உதவும்.

மீண்டும் தொடங்கியவர்களுக்குத் தமிழ்நாட்டில் எடுத்துக்காட்டு இல்லாமலில்லை. சிலம்பம் அறிந்த நடிகர் எம்.ஜி.ஆர். 1959இல் சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடக மேடையில் கால் எலும்பு முறிந்து பல மாதம் ஓய்வில் இருந்தார். ஆயினும் பிறகு சண்டைக் காட்சிகளுக்குத் திரும்பினார். 1963இல் வந்த ‘பெரிய இடத்துப் பெண்’ படத்தில் அவர் கம்பு சுற்றியதை அன்றைய ரசிகர்கள் மறக்கவில்லை. கை மறக்கவில்லை, காலுக்குக் காலம் தரப்பட்டது.

எல்லாவற்றுக்கும் பிந்தி வரும் நாண்

தசையை எலும்போடு கட்டும் வெண்ணிறக் கயிறு தசைநாண். குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்துப் பார்த்தால் தடிப்பாகத் தெரிவது உடலின் மிகப் பெரிய தசைநாண். ஓடும்போதும் தாவும்போதும் உடல் எடையைப் போல் பல மடங்கு இழுவிசையை அது தாங்குகிறது. கொலாஜன் என்ற புரத இழைகள் முறுக்கிய கயிறு போல் அடுக்கப்பட்டிருப்பதே அதன் வலிமைக்குக் காரணம். ஆனால் அதில் செல்கள் குறைவு. இரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே அது மாறுவதும் மெல்லத்தான்.

எவ்வளவு மெல்ல? இதை அணுகுண்டின் துணைகொண்டு அளந்தனர் டென்மார்க் அறிவியலார். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 மிகுந்தது. 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் படிப்படியாகக் குறைந்தது. அந்தக் கார்பன் பயிரில் சேர்ந்தது, உணவில் சேர்ந்தது, மனித உடலிலும் சேர்ந்தது. ஒரு திசுவிலுள்ள கார்பன்-14 அளவைக் கொண்டு அது எந்த ஆண்டில் உருவானது எனக் கணிக்கலாம். இறந்தவர்களின் குதிநாணை இப்படி ஆராய்ந்து 2013இல் அவர்கள் கூறிய முடிவு இது: குதிநாணின் உட்பகுதி, ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவானது, அதன்பின் அது புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம். பதினேழு வயதில் பெற்ற கயிற்றைக் கொண்டுதான் எழுபது வயது வரை நடக்கிறோம்!

இதனால் நாண் பயிற்சிக்கு இசையாது என்று பொருளன்று. சுமையைப் படிப்படியாக ஏற்றினால் அதன் விறைப்பும் தாங்கும் திறனும் கூடுகின்றன. ஆனால் அதற்குப் பல வாரங்கள், மாதங்கள் ஆகும். தசையோ அதைவிட விரைவில் வலுப்பெறும். கையும் மூளையும் முதல் நாளே தயார். ஆக, பழைய திறமையும் பாதி மீண்ட தசையும் சேர்ந்து, இன்னும் தயாராகாத நாணை இழுக்கின்றன. குதிநாண் அறுபவர்களில் மிகுதியானோர் முப்பது, நாற்பது வயதுகளில் இருக்கும், எப்போதாவது விளையாடும் ஆண்கள் என்பது மருத்துவர் அறிந்த செய்தி.

ஆண்டுதோறும் பயிலும் வீரர்களுக்கும் இது பொருந்தும். 2011இல் அமெரிக்கக் காற்பந்துக் கழகங்களுக்கும் வீரர்களுக்கும் ஏற்பட்ட ஊதியப் பூசலால் மார்ச் முதல் சூலை வரை வீரர்கள் கழகப் பயிற்சிக்கூடங்களில் நுழைய முடியவில்லை. பூசல் தீர்ந்ததும் வழக்கமான ஆயத்தமின்றிக் கடும் பயிற்சி தொடங்கிற்று. முதல் 12 நாட்களில் 10 பேருக்குக் குதிநாணில் காயம். அடுத்த 17 நாட்களில் மேலும் இருவருக்கு. அவர்கள் உலகின் வலிமை மிக்க வீரர்கள். இடைவெளியோ ஐந்து மாதம்கூட இல்லை. இருபது ஆண்டு இடைவெளி விட்டவர் எவ்வளவு பொறுமையாக இருக்க வேண்டும்!

முதல் நாளின் மூன்று ஆபத்துகள்

முதல் நாளில் செய்யும் தவறு பெரும்பாலும் ஆர்வத்தால் வருவது. அதில் மூன்று ஆபத்துகள் உண்டு.

ஒன்று, தசை வலி. பயிற்சி முடிந்தவுடன் தெரியாமல், ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டு, மூன்று நாள் வரை இருக்கும் வலி இது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று, அந்த அமிலம் ஓரிரு மணி நேரத்தில் நீங்கிவிடும். தசை நீண்டுகொண்டே இழுவிசையைத் தாங்கும்போது, அதாவது முழங்கால் மடக்கித் தாழ அமரும்போதும், தாவி ஊன்றும்போதும், வீசிய கம்பை நிறுத்தும்போதும் இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவே காரணம். ஒரு முறை இலேசாக இப்படிப் பழகினாலே அடுத்த பல வாரங்களுக்கு அந்த வலி மிகவும் குறைந்துவிடும் என்பது இயற்கை தந்த சலுகை. ஆகவே முதல் நாள் பயிற்சி, ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும் அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும்.

இரண்டு, தசைச் சிதைவு. அளவு மீறி உழைத்தால் தசையிழைகள் பெருமளவில் உடைந்து, அவற்றின் சிவப்புப் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். தசைகள் வீங்கி, கடும் வலியுடன் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் இறங்கினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெயிலும் நீர்க்குறைவும் இந்த ஆபத்தைக் கூட்டும்.

மூன்று, இதயம். 1993இல் வெளியான ஓர் ஆய்வு, மாரடைப்புக்கு உள்ளான 1,200க்கு மேற்பட்டவர்களை விசாரித்தது. வழக்கமாக உழைப்பே இல்லாதவர் திடீரெனக் கடுமையாக உழைத்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு மற்ற நேரத்தைப் போல் 107 மடங்காக உயர்கிறது எனக் கண்டது. வாரத்தில் ஐந்து முறை அல்லது அதற்கு மேல் உழைப்பவருக்கோ அது 2.4 மடங்குதான். இந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு இயல்பில் மிக மிகச் சிறியது. அதன் 107 மடங்கும் சிறியதுதான். ஆனால் இரண்டு எண்களுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஆபத்து உழைப்பில் இல்லை. பழகாத உடலின் திடீர் உழைப்பில் இருக்கிறது. முறையாகப் பழகுவதே அதற்கு மருந்து.

தறிக்குழி செய்த மாற்றம்

நம் நெசவாளர் சோம்பேறியல்லர். காலை முதல் மாலை வரை உழைப்பவர். பின் ஏன் மூச்சு வாங்குகிறது? உடல் தான் செய்யும் வேலைக்கு மட்டுமே தேறுகிறது. குழித்தறியில் அமர்ந்து கால் மிதியை மிதிக்கிறது. கை நாடாவைத் தள்ளுகிறது. கண்ணும் விரலும் நுட்பமாக உழைக்கின்றன. ஆனால் இதயம் விரைந்து துடிக்க வேண்டிய வேலை அதில் இல்லை. நாள் முழுதும் இடுப்பு மடங்கியே இருப்பதால் தொடையின் முன்புறத் தசைகள் இறுகுகின்றன. முன்னே குனிவதால் தோள்கள் முன் சாய்கின்றன, முதுகு வளைகிறது.

சிலம்பமோ இதற்கு நேர் எதிரானது. இடுப்பு விரிய வேண்டும். கை தலைக்கு மேல் உயர வேண்டும். முன்னே சாய்ந்த தோளுடன் கையைத் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றினால் தோள்மூட்டில் நாண்கள் நசுங்கி உரசும். ஆகவே தறியை விட்டெழுந்து நேரே கம்பை எடுக்கக் கூடாது. பத்து நிமிடம் நடந்து, இடுப்பையும் தோளையும் மெல்ல விரித்துத் தளர்த்திய பிறகே தொடங்க வேண்டும். எழுதுமேசையில் நாள் முழுதும் அமர்வோருக்கும் இது பொருந்தும்.

ஆடியில் விதைத்துத் தையில் அறுப்பது

நம் நெசவாளர் ஆடி மாதத்தில் தொடங்குகிறார். தை மாதப் பொங்கலில் கம்பு சுற்ற விரும்புகிறார். இடையே ஆறு மாதம். டல்லாஸ் நகர ஐவர் எடுத்துக்கொண்ட காலமும் அதுவே!

தொடங்குமுன் மருத்துவரிடம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்ததுண்டு என்றால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இருபது நிமிடம் போதும். நடை, வணக்கம், மெதுவான காலடி. பயிற்சியின்போது பக்கத்திலிருப்பவருடன் தடையின்றிப் பேச முடிய வேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று பொருள். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கும் பயிற்சியை முதல் நாளிலிருந்தே செய்யலாம். குதிநாணைத் தயார் செய்ய அது எளிய வழி.

மூன்றாம் வாரம் முதல் கம்பைப் பாதி வேகத்தில் சுழற்றலாம். இதில் ஒரு கணக்கு உண்டு. 1.6 மீட்டர் நீளமுள்ள கம்பை நடுவில் பிடித்து நொடிக்கு மூன்று சுற்று சுழற்றினால், அதன் நுனி நொடிக்குச் சுமார் 15 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர்! ஓடும் பேருந்தின் வேகம். அதைச் சட்டென்று நிறுத்தும் வேலை தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வந்து சேர்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே வேகத்தைப் பாதியாக்கினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் கால் பங்காகிறது. மூளைக்கோ பாடம் குறைவதில்லை. மெதுவாகச் சுற்றும்போது பிழைகள் தெளிவாகத் தெரியும்.

மூன்றாம் மாதத்திலிருந்து சுமையை ஏற்றலாம். நேரம், வேகம், தாழ்ந்த நிலை ஆகிய மூன்றில் ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டுமே கூட்ட வேண்டும். மறுநாள் காலையில் மூட்டோ குதிநாணோ விறைத்து, நடந்த பின்னும் வலித்தால் முந்திய வாரத்து அளவுக்குத் திரும்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை வழுக்கும்; அப்போது திண்ணையில் வரிசைகளை நடந்து பார்ப்பது போதும். தாவுவதும் எதிராளியுடன் மோதிப் பழகுவதும் கடைசி இரண்டு மாதத்துக்கு உரியவை. எதிராளியின் கம்பு நம் வசதிக்காகக் காத்திருக்காது. திடீரென விலகவும் ஊன்றவும் வேண்டியிருக்கும். நாண் தேறிய பிறகே அதற்கு இடம் தரலாம்.

வெயிலையும் மறக்கக் கூடாது. வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். சில வாரம் விட்டால் அந்தப் பழக்கமும் போய்விடும். விடியற்காலையே ஏற்ற நேரம். இடையிடையே நீர் அருந்த வேண்டும். உப்பிட்ட மோரும் நீராகாரமும் நல்லவை. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. அடுத்த வேலை மருத்துவரைப் பார்ப்பது.

இளமையில் இருந்த வேகம் முழுதும் திரும்புமா? திரும்பாது. இதயத்தின் உச்சத் துடிப்பு வயதோடு குறைந்துகொண்டே போகும். பயிற்சியால் அதைக் கூட்ட முடியாது. ஆனால் இருபத்திரண்டு வயதில் வலிமையால் செய்ததை நாற்பத்திரண்டில் அளவறிந்து செய்யலாம். எந்த அடிக்கு எங்கே நிற்பது என்பதை அறிந்த கால், வீண் தாவலைத் தவிர்க்கும். முதிய ஆசான்கள் குறைந்த அசைவில் நிறைந்த ஆட்டம் காட்டுவதன் இரகசியம் இதுவே.

அன்று கரையில் ஆசான் கேட்ட கேள்விக்கு இப்போது நம் நெசவாளர் விடை சொல்லலாம்: “கை மறக்கலைங்க ஆசானே, குதிகாலுக்குத்தான் ஆறு மாசம் வேணும்.” ஒரே மழையில் தென்னேரி நிறைவதில்லை. பரணில் கம்பு இருந்தால் இறக்குங்கள். துடைத்து எண்ணெய் பூசுங்கள். முதல் நாள் மெதுவாகச் சுற்றுங்கள்.